பாகத்தை மாற்றுமுன் அளந்து பாருங்கள்

கண்டியில் ஒரு வண்டி எந்தப் பக்கம் முகம் வைத்து நிற்கிறது என்பதைப் பார்த்தே அதன் பெட்டரியின் நிலையைப் பாதி சொல்லிவிடலாம். அம்பிட்டிய, பஹிரவகந்த, அஸ்கிரிய, ஹந்தானைப் பக்கத்து ஒழுங்கைகளில், இறக்கத்தைப் பார்த்தபடி, முன் சில்லுக்குக் கல் முட்டுக்கொடுத்து நிற்கும் பழைய வேன்களைக் காணலாம். காலையில் கல்லை எடுத்து, சாவியை ‘ஓன்’ வரை மட்டும் திருப்பி, வண்டியை உருளவிட்டு, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால் இயந்திரம் எழும்பிவிடும். ஸ்டார்ட்டரைத் தொடவே வேண்டியதில்லை. மலைநாட்டுச் சாரதிகள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்து வந்த வித்தை இது.

பிழைப்புக்கு உதவிய வித்தைதான். ஆனால் அதுவே வண்டியின் நோயையும் மூடி மறைத்தது. பெட்டரி தளர்ந்துவிட்டதா, ஸ்டார்ட்டர் தேய்ந்துவிட்டதா, வயர் எங்காவது பூத்துப்போயிருக்கிறதா என்று எவரும் கேட்கவில்லை. இறக்கம் இருக்கும்வரை கேட்கத் தேவையும் இருக்கவில்லை. இன்று அந்த இறக்கம் உதவாத வண்டிகள் கண்டி வீதிகளை நிறைத்துவிட்டன. அக்வா, விட்ஸ், வெகன் ஆர், பிட், வெசெல் என்று ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த ஒட்டோ கியர் கார்களை எந்த மலையிலிருந்து உருட்டினாலும் அவை ஸ்டார்ட் ஆகப்போவதில்லை. பழுது எங்கே என்ற கேள்வியைக் கேட்டே ஆகவேண்டிய காலம் இது. கேட்கும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை.

பழக்கத்தில் இருப்பது வேறொன்று. வண்டி எழும்பவில்லையா, பெட்டரியை மாற்று. அதற்கும் எழும்பவில்லையா, ஸ்டார்ட்டரைக் கழற்றிக் கொடு. ஒரு வாரம் ஓடி மறுபடி நின்றதா, அல்டர்னேட்டரைப் பார். கடைசியில், இயந்திரத்திலிருந்து பொடிக்குப் போகும் ஏர்த் வயரின் போல்ட் ஒன்று தளர்ந்து கிடந்தது தெரியவரும். அதை இறுக்க இரண்டு நிமிடம் போதும். அதற்குள் பாடசாலை வேன் ஓட்டுபவர் தவணைக்கட்டணத்துக்கு எடுத்து வைத்திருந்த பணம் கடைக்கும் கராஜுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். இது யாரோ ஒரு மெக்கானிக்கின் நேர்மையீனத்தால் வரும் கேடு என்று சொல்லிவிட்டால் இலகு. பெரும்பாலும் அப்படி அல்ல. அளக்காமல் ஊகிக்கும் முறையே பிழை. அந்த முறையை உரிமையாளரும் ஏற்றுக்கொண்டிருக்கிறார், மெக்கானிக்கும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

ஊகத்தின் விலை முன்பு சிறிதாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு அந்தத் தடை நீங்கியது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளும் நாட்டில் இருந்த அதே வண்டிகளே மேலும் மேலும் ஓடி முதுமையடைந்தன. 2022இல் டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360 ரூபாவுக்குத் தாவியது. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதம். இறக்குமதியாகும் உதிரிப்பாகம் ஒவ்வொன்றிலும் இந்த எண்கள் எல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. தேவையில்லாமல் மாற்றிய ஒரு ஸ்டார்ட்டர் மோட்டார், தோட்டத்து லயத்தில் வாழும் ஒரு முச்சக்கர வண்டிச் சாரதியின் குடும்பத்தைக் கடனில் தள்ளப் போதுமானது.

அந்த 2022ஐ பெட்டரிகளும் மறக்கவில்லை. ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவிக்கப்பட்டபோது, வண்டிகள் முற்றங்களில் முடங்கின. எரிபொருள் வரிசைகளில் நின்றவை தள்ளித் தள்ளியே முன்னே நகர்த்தப்பட்டன. ஜூலையில் கியூஆர் அட்டை முறை வந்தபின்னும் வாரத்துக்குச் சில லீற்றர் ஓட்டந்தான். ஈய அமில பெட்டரிக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. மின்னிறங்கிய நிலையில் அது கிடந்தால், தகடுகளின் மேல் படியும் ஈய சல்பேட்டு இறுகிப் பளிங்காகிவிடுகிறது. பிறகு எவ்வளவு நேரம் சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்புவதில்லை. அன்று செத்த பெட்டரிகள் பல உண்மையில் பழுதானவை அல்ல, பட்டினி கிடந்தவை.

ஓட்டம் குறைவாக இருப்பதும் அதே கேட்டைச் சற்று மெதுவாகச் செய்கிறது. கட்டுகஸ்தோட்டையிலிருந்து நகரத்துக்குள் மாலை மழையில் வரும் ஒரு காரை எடுத்துக்கொள்ளுங்கள். முன்விளக்கு, வைப்பர், ஏசி, கண்ணாடிப் பனியை நீக்கும் சூடேற்றி எல்லாம் ஓடுகின்றன. நெரிசலில் இயந்திரம் மெதுவேகத்தில் சுழல்வதால் அல்டர்னேட்டர் தரும் மின்சாரமும் குறைவு. வீடு வந்து சேரும்போது, காலையில் ஸ்டார்ட் செய்யச் செலவழித்ததைக்கூட அந்த பெட்டரி முழுமையாகத் திரும்பப் பெற்றிருக்காது. இப்படிச் சில மாதங்கள் போனால், குற்றம் பெட்டரியின் மேல் விழும்.

குளிரைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே திருத்தியாக வேண்டும். ஏப்ரல் விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து கண்டி வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வண்டி, அங்கே மறுநாள் காலை எழும்ப மறுத்தால், குளிர் பெட்டரியைக் கொன்றுவிட்டதாகச் சொல்வார்கள். பெட்டரியைத் தின்பது வெப்பம். கொழும்பின் சூட்டில் தகடுகள் அரித்துப்போகின்றன. அங்கே காலைப் பொழுதும் சூடாக இருப்பதால் குறை வெளியே தெரிவதில்லை. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்துக்கு வந்ததும் இரசாயன வினை மந்தமாகிறது, இயந்திர எண்ணெய் தடிக்கிறது, ஏற்கெனவே பாதி செத்த பெட்டரி அன்று பிடிபடுகிறது. ஏறத்தாழ 500 மீற்றரில் இருக்கும் கண்டி இரண்டுக்கும் நடுவில். ஆகவே மலையேறும் பயணத்துக்கு முன் பெட்டரியைச் சோதிக்கச் சரியான இடம் கண்டி நகரந்தான். பலரும் அதைத் தாண்டிப் போய் உச்சியில் சிக்கிக்கொள்கிறார்கள்.

சோதனை என்றதும் கணினியும் ஸ்கேனரும் நினைவுக்கு வரலாம். முதல் கருவி காது. சாவியைத் திருப்பும்போது என்ன சத்தம் வருகிறது என்பதை மெக்கானிக்கிடம் சரியாகச் சொல்லத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்ற ஒரே வசனத்துக்குள் இரண்டு வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. இயந்திரம் சுழலவே இல்லை என்பது ஒன்று. செல்ப், அதாவது ஸ்டார்ட்டர், நன்றாக அடிக்கிறது, இயந்திரம் சுழல்கிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை என்பது மற்றொன்று. முதலாவது மின்சாரத்தின் பிரச்சினை. இரண்டாவது எரிபொருள், தீப்பொறி, காற்று, அமுக்கம் ஆகியவற்றின் பிரச்சினை. செல்ப் சுறுசுறுப்பாக அடிக்கும் வண்டிக்குப் புதிய பெட்டரி விற்பது காய்ச்சலுக்குக் கட்டுப் போடுவதற்குச் சமம்.

சுழலாத வண்டியிலும் சத்தங்கள் வேறுபடும். ‘டகடகடக’ என்று விரைவாகத் துடித்தால் சொலினொய்ட் இழுக்கிறது, ஆனால் தாங்கிப் பிடிக்க வோல்ட் போதவில்லை. பெட்டரியையோ அதன் டெர்மினலையோ பார்க்க வேண்டும். ‘டக்’ என்று ஒரேயொரு தட்டலோடு நின்றால் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குள் கரித்துண்டு தேய்ந்திருக்கலாம், தடித்த வயரில் தடை இருக்கலாம், அரிதாக இயந்திரமே இறுகியிருக்கலாம். மோட்டார் மட்டும் ‘ஸ்ஸ்’ என்று தனியே சுற்றினால் அதன் பற்சில்லு பிளைவீலைப் பிடிக்கவில்லை. எந்தச் சத்தமும் இல்லை என்றால் ஸ்டார்ட்டருக்குக் கட்டளையே போய்ச் சேரவில்லை: பியூஸ், ரிலே, சாவி சுவிட்ச், ஒட்டோ வண்டியில் கியர் ‘பி’ அல்லது ‘என்’ இல் இருப்பதை அறியும் சுவிட்ச், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் என்று அந்தப் பாதையில் தேட வேண்டும். ‘பி’ இல் எழும்பாத கார் ‘என்’ இல் எழும்பினால் பழுது எங்கே என்று அப்போதே தெரிந்துவிட்டது. பொத்தானை அமுக்கி ஸ்டார்ட் செய்யும் கார்களில் பிரேக்கை மிதித்தாக வேண்டும். பிரேக் விளக்குச் சுவிட்ச் பழுதானால் நீங்கள் மிதித்தது காருக்குத் தெரியாது. பின்னால் ஒருவரை நிறுத்தி பிரேக் விளக்கு எரிகிறதா என்று பார்க்கச் சொன்னால் போதும், பணம் செலவில்லை.

முன்விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்புவது இன்னொரு பழைய சோதனை. இன்றும் அதற்கு ஈடில்லை. விளக்கு மங்கி அணையும் நிலைக்குப் போனால் மின்சாரம் போதவில்லை. விளக்கு சற்றும் மங்காமல் நின்றால் மின்சாரம் இருக்கிறது, ஸ்டார்ட்டருக்குப் போகவில்லை. இந்த ஒரு வேறுபாட்டைக் கண்டுகொண்டால், தேடவேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

அடுத்தது மல்டிமீட்டர். ஒரு பெட்டரியின் விலையோடு பார்த்தால் மிகச் சிறிய செலவில் வாங்கக்கூடிய பொருள். நன்றாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பெட்டரி, வண்டி சில மணி நேரம் நின்றபின் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12க்குக் கீழே போனால் முதலில் சார்ஜ் ஏற்ற வேண்டும், பிறகுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நிற்கும்போது காட்டும் எண்ணை மட்டும் நம்பவும் கூடாது. 12.5 காட்டிய பெட்டரி, செல்ப் அடிக்கும் கணத்தில் 7க்கு விழுந்தால் அது உள்ளே செத்துவிட்டது. செல்ப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்ல அடையாளம். இயந்திரம் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் அல்டர்னேட்டர் வேலை செய்கிறது. புதிய பெட்டரியைப் பூட்டிவிட்டு இந்தக் கடைசி எண்ணைப் பார்க்காமல் வண்டியை அனுப்பிவிடும் கராஜ்கள் உண்டு. அல்டர்னேட்டர் பழுதாக இருந்தால் அந்தப் புதிய பெட்டரியும் சில நாட்களில் படுத்துவிடும். வாடிக்கையாளரோ பெட்டரிக் கம்பனியைத் திட்டுவார்.

மிகவும் ஏமாற்றுவது ஏர்த். கணக்கு எளிது. கார் ஸ்டார்ட்டர் ஒன்று 150 அம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாதையில் எங்கோ ஓர் இடத்தில் பச்சைக் களிம்பு பிடித்து 0.02 ஓம் தடை உண்டாகியிருக்கிறது. 150ஐ 0.02 ஆல் பெருக்கினால் 3 வோல்ட். அதாவது, பெட்டரி தரும் 12 வோல்ட்டில் கால்வாசி அந்தக் களிம்பிலேயே சூடாகிக் கரைந்துபோகிறது. அதே 0.02 ஓம் தடையினூடாக ஒரு சிறிய விளக்கு எந்தக் குறையும் தெரியாமல் பிரகாசமாக எரியும். ‘லைட் எல்லாம் எரியுது, ஆனா செல்ப் மட்டும் எடுக்குதில்ல’ என்று சாரதிகள் தலையில் கைவைப்பது இதனாலேதான். பெட்டரியின் நெகட்டிவ் முனையில் மீட்டரின் ஒரு ஊசியையும், இயந்திரத்தின் வெறும் இரும்பில் மறு ஊசியையும் வைத்து, செல்ப் அடித்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏர்த் பாதையைச் சுத்தம் செய்ய வேண்டும். மழையும் ஈரமும் நிறைந்த மலைநாட்டில், முதலில் செய்யவேண்டிய சோதனை இது. அநேகமாகக் கடைசியில்தான் செய்யப்படுகிறது, செய்யப்பட்டால்.

இரவில் களவு போகும் மின்சாரமும் உண்டு. வண்டியை அணைத்த பின்னும் கடிகாரம், அலாரம் போன்றவை சிறிது மின்சாரம் குடிக்கும். 50 மில்லி அம்பியருக்குள் இருந்தால் பாதகமில்லை. வெளியில் பூட்டிய ஓடியோ செட், வண்ண விளக்கு, மலிவான அலாரம் ஆகியவை தவறாக இணைக்கப்பட்டு அரை அம்பியர் குடித்தால், 45 அம்பியர் மணி பெட்டரி நான்கு நாட்களுக்குள் வெறுமையாகிவிடும். இலங்கையில் பதிவான முச்சக்கர வண்டிகள் பத்து இலட்சத்தைத் தாண்டும். அவற்றில் பலவற்றின் கூரைக்குள் இருக்கும் ஒலிபெருக்கிகளையும் விளக்குச் சரங்களையும் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை. பழைய பஜாஜ் வண்டிகளில் கையால் இழுத்து ஸ்டார்ட் செய்யும் நெம்புகோல் இருந்ததால் தப்பித்தார்கள். புதியவற்றில் பொத்தானை நம்பித்தான் பிழைப்பு.

அந்தப் பொத்தானுக்கும் ஒரு வரலாறு உண்டு. தொடக்கக் காலக் கார்களை முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றித்தான் எழுப்ப வேண்டும். இயந்திரம் திடீரென்று எதிர்ப்பக்கம் உதைத்தால் கை முறியும். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் சார்ள்ஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் 1912இல் கடிலக் கார்களில் வந்தபோதுதான் அந்த ஆபத்து நீங்கத் தொடங்கியது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை: ஒரு பெட்டரி, ஒரு தடித்த வயர், ஒரு சொலினொய்ட், ஒரு மோட்டார், திரும்பிவர ஓர் ஏர்த். இவ்வளவு எளிய சுற்றில் பழுதைத் தேட ஊகம் எதற்கு?

செல்ப் அடித்தும் பற்றிக்கொள்ளாத வண்டிகளின் கதையில் கண்டியின் மேடுபள்ளமே ஒரு பாத்திரம். தாங்கியில் எரிபொருள் குறைவாக இருக்க, செங்குத்தான ஒழுங்கையில் வண்டியை நிறுத்தினால், மிஞ்சியிருக்கும் பெற்றோல் ஒரு மூலைக்குச் சரிந்து, உறிஞ்சும் குழாய் காற்றில் தொங்கும். சமதரையில் எழும்பியிருக்கக்கூடிய வண்டி அங்கே எழும்பாது. டீசல் வேன்களில் வேறு விதம். குழாய் இணைப்பு ஒன்று இலேசாகக் காற்று இழுத்தால், மூக்கை மேலே தூக்கி நிறுத்திய இரவில் டீசல் மெல்லத் தாங்கிக்கே திரும்பி இறங்கிவிடும். காலையில் கைப் பம்பை அமுக்கிக் காற்றை வெளியேற்றும்வரை வண்டி இருமிக்கொண்டே இருக்கும். டொல்பின் வேன் வைத்திருக்கும் கம்பளை, புஸ்ஸல்லாவை, தெல்தோட்டைச் சாரதிகளுக்கு இது தெரிந்த காலைச் சடங்கு. பம்பை அமுக்கி ஓடிவிடுகிறார்கள். இணைப்பை மாற்றுவதில்லை. இடையில் பாவம் அந்த ஸ்டார்ட்டர், தன் பங்குக்கு மேல் உழைத்துத் தேய்கிறது. ஒரு முறை சாவியைத் திருப்பிப் பத்து வினாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது. இடையில் ஆறவும் விட வேண்டும்.

பெற்றோல் கார்கள் பலவற்றில் சாவியை ‘ஓன்’ செய்தவுடன், பின்னிருக்கைக்குக் கீழே இரண்டு வினாடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது எரிபொருள் பம்ப். வழமையாகக் கேட்கும் அந்தச் சத்தம் இன்று கேட்கவில்லை என்றால், பம்ப், அதன் பியூஸ், ரிலே ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். பம்ப் ஓடியும் பிளக்கில் தீப்பொறி இல்லை என்றால் கிராங்க் சென்சர் மேல் சந்தேகம் போகும். சூடானால் நின்று, ஆறினால் எழும்பும் வண்டியில் அந்தச் சந்தேகம் மேலும் வலுக்கும். இங்கேதான் ஸ்கேனருக்கு வேலை. ஸ்கேனர் காட்டும் குறியீடோ முகவரி மட்டுமே. சென்சர் என்று அது சொன்னால், சென்சரின் வயரும் பிளக்கும் கூட அந்த முகவரியில்தான் குடியிருக்கின்றன. குறியீட்டைப் பார்த்ததும் பாகத்தை வாங்க ஓடுவது, புதிய கருவியைக் கையில் வைத்துக்கொண்டு பழைய ஊகத்தையே செய்வதாகும்.

ஹைபிரிட் கார்களில் குழப்பம் இன்னும் கூடுதல். அக்வா, பிரியஸ் போன்றவற்றில் தனியான ஸ்டார்ட்டர் மோட்டாரே கிடையாது. பெரிய ஹைபிரிட் பெட்டரியின் மின்சாரத்தால் உள்ளேயிருக்கும் மோட்டார் ஜெனரேட்டர்தான் இயந்திரத்தைச் சுழற்றுகிறது. ஆனால் காரின் கணினிகளை எழுப்பி, பெரிய பெட்டரியின் ரிலேயை மூடுவது ஒரு சிறிய 12 வோல்ட் பெட்டரி. அது தளர்ந்தால் ‘ரெடி’ விளக்கு வராது. தகவல் பலகையில் விதம்விதமான எச்சரிக்கைகள் மின்னும். அவை வருவது ஜப்பானிய மொழியில். படிக்கத் தெரியாத உரிமையாளர், ஹைபிரிட் பெட்டரியே போய்விட்டது என்று பயந்து இலட்சக்கணக்கில் கடன் தேடத் தொடங்குவார். முதலில் அந்தச் சிறிய பெட்டரியை அளந்து பார்த்திருந்தால் அந்தப் பயத்துக்கே இடமிருந்திருக்காது. சாவி ரிமோட்டின் நாணய அளவு பெட்டரி தீர்ந்தாலும் டொயோட்டா கார் அசையாது. ரிமோட்டை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பெரும்பாலும் எழும்பும். சிக்னலில் தானாக அணைந்து எழும்பும் ‘ஐடில் ஸ்டாப்’ கார்களுக்கு அதற்கென்று செய்த பெட்டரியே வேண்டும். சாதாரண பெட்டரியைப் பூட்டினால் வண்டி ஓடும், பெட்டரியின் ஆயுள் குறையும்.

ஸ்டார்ட் செய்யவே கூடாத சந்தர்ப்பமும் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையில் மகாவலி பெருகி, கம்பளையும் பேராதனைப் பகுதிகளும் வெள்ளத்தில் மூழ்கின. உயிர்களை இழந்த துயரத்தின் முன் வாகனம் ஒரு பொருட்டல்ல. ஆனாலும் மீண்டவர்கள் பிழைக்க வேண்டும். பிழைப்புக்கு வண்டி வேண்டும். வெள்ளம் வடிந்த முற்றத்தில் நிற்கும் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பிப் பார்ப்பது மனித இயல்பு. அதுவே மிகப் பெரிய நட்டம். சிலிண்டருக்குள் புகுந்த நீரை அமுக்க முடியாது. மேலேறும் பிஸ்டன் அதில் மோதி, கொனெக்டிங் ரொட் வளைந்துவிடும். மீட்கக்கூடிய இயந்திரம் அந்த ஒரு திருப்பலில் பழைய இரும்பாகிவிடலாம். முதலில் பெட்டரி வயரைக் கழற்ற வேண்டும். காற்று வடிகட்டி நனைந்திருக்கிறதா, டிப்ஸ்டிக்கில் எண்ணெய் பால்தேநீர் நிறத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிளக்குகளைக் கழற்றி, இயந்திரத்தைக் கையால் சுழற்றி நீரை வெளியேற்ற வேண்டும். ஹைபிரிட் என்றால் செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடாமல் தெரிந்தவரை அழைக்க வேண்டும். அடுத்த மழைக்காலத்துக்கு முன் இந்த நான்கு வசனங்களைப் பிரதேச செயலகங்களின் அனர்த்த அறிவித்தல்களில் தமிழிலும் சிங்களத்திலும் சேர்ப்பது பெரிய செலவல்ல.

தள்ளி ஸ்டார்ட் செய்வதற்கும் ஓர் எச்சரிக்கை. இயந்திரம் ஓடாதபோது பிரேக்குக்குக் கிடைக்கும் வெற்றிட உதவி ஓரிரு மிதிகளில் தீர்ந்துவிடும். பவர் ஸ்டியரிங் கல்லாக இறுகும். கடுகண்ணாவை ஏற்றத்திலோ ஹந்தானை வீதியிலோ பெரிய வேனை உருளவிட்டு, இயந்திரமும் பற்றவில்லை, பிரேக்கும் பிடிக்கவில்லை என்றால் கீழே நிற்பவர்கள் யார்? மட்டமான வீதி, காலியான வீதி, முட்டுக்கல்லோடு ஓர் ஆள்: இந்த மூன்றும் இல்லாமல் அதைச் செய்வது பொறுப்பில்லாத செயல்.

எழும்புமோ எழும்பாதோ என்ற பயத்துக்கு நகரமும் விலை கொடுக்கிறது. அணைத்தால் மீண்டும் ஸ்டார்ட் ஆகுமோ என்ற ஐயத்தில் டீசல் வண்டிகளை நிறுத்தத்திலும் ஓடவிட்டே வைத்திருப்பதைப் பார்க்கிறோம். மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் இருக்கும் கண்டியில் அந்தப் புகை எளிதில் வெளியேறுவதில்லை. பாடசாலை விடும் நேரத்தில் அதைச் சுவாசிப்பது பிள்ளைகள்.

அளந்தால் மட்டும் போதாது, அளந்ததை எழுதி வைக்கவும் வேண்டும் என்பதற்கு உலகம் கண்ட பெரிய சாட்சி ஜெனரல் மோட்டர்ஸ் விவகாரம். அந்தக் கம்பனியின் சில கார்களில் சாவி சுவிட்ச், ஓட்டத்தின்போதே நழுவி இயந்திரத்தை அணைத்தது. காற்றுப்பைகளும் விரியாமல் போயின. 2006இல் சுவிட்சின் வடிவமைப்பு திருத்தப்பட்டது, ஆனால் பாகத்தின் இலக்கம் மாற்றப்படவில்லை. பழையதும் புதியதும் ஒரே இலக்கத்தில் இருந்ததால், ஏன் சில ஆண்டுக் கார்கள் மட்டும் விபத்தில் சிக்குகின்றன என்பது விசாரித்தவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் புலப்படவில்லை. ஒரு வழக்குக்காக நியமிக்கப்பட்ட பொறியியலாளர் பழைய சுவிட்சையும் புதியதையும் பிரித்து அருகருகே வைத்து அளந்தபோதுதான் உண்மை வெளிவந்தது. 2014இல் 26 இலட்சம் கார்கள் திரும்பப் பெறப்பட்டன. 124 மரணங்களுக்கு இழப்பீட்டு நிதியம் பொறுப்பேற்றது. எழுதாமல் விட்ட ஒரு சிறு மாற்றத்தின் விளைவு இது.

நம் கராஜ்களில் எதுவும் எழுதப்படுவதில்லை. ‘பெட்டரி மாற்றியது’, ‘ஸ்டார்ட்டர் வேலை’ என்று துண்டுச் சீட்டில் ஒரு தொகை. ஏன் மாற்றினார்கள், மாற்றுமுன் என்ன காட்டியது, மாற்றியபின் என்ன காட்டியது என்பது இல்லை. அடுத்த மெக்கானிக் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிறார். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் நாட்டில் இருக்கிறது. முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது. கையில் எழுத்து எதுவும் இல்லாதவருக்கு அவற்றால் என்ன பயன்?

இதற்கு மெக்கானிக்குகளை மட்டும் குறை சொல்வது அநியாயம். கண்டிச் சுற்றுவட்டாரத்தில் வேலை செய்யும் தமிழ் இளைஞர்களில் பலர் பதினாறு, பதினேழு வயதில் கையாளாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்துக் கற்றவர்கள். அவர்களின் கைத்திறனுக்கு ஈடு இல்லை. ஓமின் விதியை அவர்களுக்குத் தாய்மொழியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர்தான் இல்லை. 1950களின் இறுதியில் ஜேர்மன் உதவியோடு தொடங்கிய தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் மொரட்டுவையில் இருக்கிறது. 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் கிளிநொச்சியில் இருக்கிறது. இரண்டுமே மலைநாட்டுப் பையனுக்குத் தூரம். பொறியியல் பீடமோ 1964 முதல் பேராதனையில், அவன் வேலை செய்யும் கராஜிலிருந்து ஒரு பஸ் பயணத்தில் இருக்கிறது. வார இறுதியில் மின்சுற்றும் மீட்டரும் பற்றித் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு குறுகிய வகுப்பை அந்தப் பீடமும் கண்டித் தொழில்நுட்பக் கல்லூரியும் சேர்ந்து நடத்தினால் ஊகத்தின் ஆட்சி பாதி குறையும். வேலைத்தளத்தில் கற்றவர்களைச் சோதித்து தேசிய தொழில் தகைமை (என்விகியூ) சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. முன்கற்றல் அங்கீகாரம் என்று அதைச் சொல்வார்கள். தோட்டப்புற இளைஞர்களிடம் அந்தச் செய்தியைக் கொண்டுசேர்க்க வேண்டியது தொழிற்சங்கங்களின் கடமை.

அதுவரை வாகனம் வைத்திருப்பவர்கள் கையில் ஒரு வழி இருக்கிறது. அடுத்த முறை வண்டி எழும்பாமல் கராஜுக்குப் போனால் மூன்று எண்களைக் கேளுங்கள்: வண்டி நிற்கும்போது எத்தனை வோல்ட், செல்ப் அடிக்கும்போது எத்தனை, இயந்திரம் ஓடும்போது எத்தனை. அவற்றைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தருபவருக்கு அந்தச் சோதனைக்கான கூலியைத் தயங்காமல் கொடுங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் புதிய பெட்டரி வாங்காதீர்கள்.